பம்பைக் கழற்றுவதற்கு முன் அந்த வயரைத் தொட்டுப் பார்த்தீர்களா?

மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் மெதுவாகிவிட்டால், எண்ணெயைத் தள்ளி அதை இயக்கும் ஹைட்ராலிக் பம்பு போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பினாங்கில் ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை. எஞ்சின் சத்தத்தை அரை நிமிடம் கேட்டு, இடுப்பில் கைவைத்து, உதட்டைப் பிதுக்கினால் போதும். அந்த உதட்டுப் பிதுக்கலை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்களின் இயந்திரங்களைத்தான் நான் மாதத்துக்கு இரண்டு முறையாவது போய்ப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சென்ற வாரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்திலுள்ள பத்து காவான் என்ற ஊரில் ஒன்று. ஜப்பானில் உழைத்துவிட்டு ரீகண்டிஷனாக இங்கே வந்து சேர்ந்த 20 டன் இயந்திரம். நேராக ஓட்டினால் இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. இரட்டைப் பம்பு உள்ள இயந்திரத்தில் ஒரு பம்பு ஒரு பக்கச் சங்கிலிக்கும், மற்றது மறுபக்கச் சங்கிலிக்கும் எண்ணெய் கொடுப்பதால், சோர்ந்த பக்கத்துப் பம்பைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் எனக்கு முன்னால் வந்தவர்கள் சந்தேகத்தோடு நிற்கவில்லை. பம்பைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், பிஸ்டன்களை மாற்றி, ஆறு நாள் கழித்துப் பூட்டிக்கொடுத்து, ஐந்து இலக்கத்தில் மலேசிய வெள்ளி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பூட்டிய அன்றே அது மறுபடியும் இடப்பக்கம் இழுத்தது.

பம்பு தள்ளும் எண்ணெயின் அளவை மின்சாரத்தால் கூட்டிக் குறைக்கும் சொலினாய்டு வால்வு, அந்த இயந்திரத்தில் பம்புக்கு ஒன்றாக இரண்டு இருந்தன. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் காயில் (கம்பிச்சுருள்), ஒரே வடிவக் கனெக்டர். கனெக்டர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகிவிட்டு ஓட்டச் சொன்னேன். இப்போது வலப்பக்கம் இழுத்தது. அதாவது பம்பின் மீது குற்றமே இல்லை. கோளாறு வயரிலோ, மின்சாரத்தை அனுப்பும் கணினியான கண்ட்ரோலரிலோ இருக்கிறது. இதற்கு ஐந்து நிமிடம் ஆனது, ஒரு காசு செலவில்லை. இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாதவர்கள்தான் ஆறு நாள் இயந்திரத்தைப் படுக்கப்போட்டிருக்கிறார்கள்.

"வயரையும் பார்த்தாங்க தம்பி, மீட்டர்ல பீப் அடிச்சிச்சே" என்றார் உரிமையாளர். வயர் அறுபடவில்லை என்று மட்டும் சொல்லும் இந்தப் பீப்பைப் போல் என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்றும் இல்லை. பல மீட்டர்கள் 30 ஓம் மின்தடை வரைக்கும்கூடத் தாராளமாகப் பீப் அடிக்கும். அந்தச் சொலினாய்டு காயிலே மொத்தம் 20 ஓம்தான். வழியில் ஓர் இணைப்பு கெட்டு 15 ஓம் தடையை உண்டாக்கினாலும் மீட்டர் மகிழ்ச்சியாகக் கூவும். ஆனால் காயிலுக்குச் சேர வேண்டிய மின்னோட்டம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மின்னோட்டம் அடியோடு நின்றுபோகாததால் அந்தக் கண்ட்ரோலரும் கோளாறு எண் எதையும் திரையில் காட்டவில்லை. வயரில் மின்சுமை எதுவும் ஏற்றாமல் வோல்ட் அளந்தாலும் இதே ஏமாற்றம்தான். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததால், கெட்டுப்போன வயரிலும் 24 வோல்ட் அப்படியே தெரியும்.

அதனால்தான் லாரியின் 24 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றை இரண்டு முனை வயரோடு எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். சந்தேகப்பட்ட வயரை இரு முனையிலும் பிரித்துவிட்டு, அதன் வழியாக நேரே பேட்டரியிலிருந்து அந்தப் பல்பை எரியவிட்டேன். கார்த்திகை விளக்கு விடியற்காலையில் அணையப்போகும் நேரத்தில் எரியுமே, அப்படி எரிந்தது. பல்பின் முனையில் 15 வோல்ட்தான் இருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பம்பு அறையின் பின்புறத் தகட்டை ஒட்டி வளையும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு வீக்கம். பசை பிசுபிசுத்த டேப்பை உரித்தேன். என்றோ உராய்ந்து அறுந்த வயரை, சால்டர் வைக்காமல், விளக்குத் திரி முறுக்குவதுபோல் முறுக்கி விட்டிருந்தார் ஒரு புண்ணியவான். கடற்காற்றும், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது இறங்கிய ஈரமும் சேர்ந்து செம்பெல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பேறியிருந்தது. தொட்டதும் பாதி உதிர்ந்துவிட்டது.

ஊசியால் வயரின் உறையைக் குத்தி வோல்ட் பார்க்கிறவர்களையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன். அந்தத் துளை வழியாகத்தான் அடுத்த மழைக்கு ஈரம் உள்ளே போய்க் களிம்பேறுகிறது. அப்படிக் குத்திய நாலைந்து துளைகள் அதே வயரில் வரிசையாக இருந்தன.

இன்னொரு கூட்டம், திரையில் மூன்று கோளாறு எண்கள் ஒன்றாக வந்தால் மூன்று சென்சார்களை வாங்கச் சொல்லும். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வழங்கலைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று ஷார்ட் ஆனாலே மற்றவையும் சேர்ந்து அலறும். ஒவ்வொன்றாகக் கழற்றி 5 வோல்ட் எப்போது திரும்புகிறது என்று பார்த்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். எஞ்சின் நன்றாக ஓடியும் எந்த ஜாய்ஸ்டிக்கும் வேலை செய்யவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது இருக்கைக்குப் பக்கத்திலுள்ள பாதுகாப்பு லீவரின் சுவிட்சையும், ஜாய்ஸ்டிக்கின் கட்டளையை வால்வுகளுக்குக் கொண்டுபோகும் பைலட் எண்ணெயைத் திறந்துவிடும் சொலினாய்டின் ஃபியூஸையும். ஒரு ஃபியூஸுக்காகப் பைலட் பம்பையே கழற்றிவைத்திருந்த இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். பம்பின் சொலினாய்டுக்கு மின்சாரம் நின்றால் சில மாடல்களில் பம்பு சுருங்கி இயந்திரம் தூங்கும். வேறு சிலவற்றில் பம்பு முழு மூச்சாக இழுத்து எஞ்சினையே அடக்கிவிடும். ஒரே கோளாறுக்கு இப்படி நேர்மாறான இரண்டு அறிகுறிகள் இருக்கும்போது, காதால் கேட்டே கண்டுபிடிக்கிற இந்த வித்தையை எங்கே கற்றார்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

கெட்ட பகுதியை வெட்டியெறிந்து, புது வயர் சேர்த்துச் சால்டர் வைத்து, சுருங்கும் உறை போட்டு, தகட்டில் உராயாதபடி கட்டி முடித்தேன். இயந்திரம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. பில்லைப் பார்த்த உரிமையாளர், "சாமான் எதுவும் மாத்தலியே தம்பி, ஒரு கம்பியை ஒட்டினதுக்கு முந்நூறு வெள்ளியா?" என்றார். பம்புக்காரருக்கு முனகாமல் எண்ணிக் கொடுத்த அதே கை, என் பில்லை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் செருகியது.

"சாமான் இருக்குண்ணே" என்று சொல்லி, களிம்பேறிய அந்த இரண்டு அங்குலத் துண்டை அவர் கையில் வைத்துவிட்டுப் பாலமேறி வந்துவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள். முந்நூறு வெள்ளி இன்னும் வரவில்லை.