விரலுக்கேத்த வீக்கம்

பொருளாதாரம் படுத்துக் கிடக்கும் மந்த காலத்தில் அரசு செலவைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசினேன். அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். நாலு நாள் பேசாமல்தான் இருந்தேன். நான் பேசியதில் முப்பது நொடியை மட்டும் வெட்டி, 'ஓசிப் பணத்துக்கு வக்காலத்து' என்று தலைப்புப் போட்டுச் சுற்றவிட்டிருக்கிறார்கள். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"விரலுக்கேத்த வீக்கம் வேணும். வருமானம் குறைஞ்சா வீட்டுல செலவைக் குறைக்கிறோம்ல, அரசும் குறைக்கட்டும்" என்றார் கூட்டத்தில் என்னை மறுத்துப் பேசிய நண்பர். ஒரே கைதட்டல்.

வீடு வேறு, அரசு வேறு. என் வீட்டுச் செலவை நான் குறைத்தால் என் சம்பளம் குறையாது. ஆனால் ஒரு நாட்டில் ஒருவர் செலவுதான் இன்னொருவர் வருமானம். மந்த காலத்தில் குடும்பங்களும் கம்பெனிகளும் ஏற்கெனவே கையை இறுக்கிக்கொண்டிருக்கும். அரசும் சேர்ந்து இறுக்கினால் வியாபாரம் படுக்கும், ஆள் குறைப்பார்கள், வரி வசூலும் விழும். எந்தப் பற்றாக்குறையை அடைக்கச் செலவை வெட்டினார்களோ, அது அடைபடாது.

இதெல்லாம் நடந்து முடிந்த கதை. 1933ல் அமெரிக்காவில் வேலை செய்யத் தயாராக இருந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. மெல்ல எழுந்து வந்துகொண்டிருந்த நேரத்தில், 1937ல், பட்ஜெட்டைச் சரிக்கட்ட அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு செலவை வெட்டியது. மத்திய வங்கியும் பணத்தை இறுக்கியது. சுமார் 14 சதவீதத்துக்கு இறங்கியிருந்த வேலையின்மை மறு ஆண்டே 19ஐத் தொட்டது. 1938ல் மறுபடி செலவைக் கூட்டினார்கள். கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸ் 2010க்குப் பிறகு அரசுச் செலவை வெட்டு வெட்டென்று வெட்டியது. 2013ல் வேலையின்மை 27 சதவீதம், பொருளாதாரமே கால்வாசி சுருங்கிவிட்டது. நாட்டின் வருமானம் சுருங்கினால், அந்த வருமானத்தில் கடன் எத்தனை பங்கு என்ற விகிதம் எப்படிக் குறையும்? கூடத்தான் செய்தது. செலவு வெட்டு வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று சர்வதேச நாணய நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளாதார நிபுணர் பிளான்சார்டே 2013ல் எழுதினார். அவரையும் ஓசிப் பண ஆள் என்பீர்களா?

"அப்போ விலைவாசி?" என்று வருவீர்கள். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் வேலை இருந்து, ஆலைகள் முழு வீச்சில் ஓடும்போது அரசு கடன் வாங்கிக் கொட்டினால் விலைதான் ஏறும். அதனால்தான் நல்ல காலத்தில் செலவை அடக்கு, கெட்ட காலத்தில் அவிழ்த்துவிடு என்கிறேன். பொருளாதார அறிஞர் கெயின்ஸும் இதைத்தான் சொன்னார். முதல் பாதியை அன்றைக்கே சொன்னேன், அதைத்தான் வீடியோவில் வெட்டிவிட்டார்கள். "நல்ல காலத்தில் எந்த அரசு அடக்கியிருக்கிறது?" என்றால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். "ஊழல்?" திருடினவனைப் பிடியுங்கள். வேலையை ஏன் நிறுத்துகிறீர்கள்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்ட தம்பிக்குச் சொல்கிறேன். என் அப்பா கொத்தனார். அரசுக் கட்டட வேலைதான் அவருக்குச் சோறு. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு கட்டடத்தைத் தூண் மட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். நிதி இல்லையாம். சிமெண்ட் இருந்தது, மணல் இருந்தது, கம்பி இருந்தது, வேலை தெரிந்த நாற்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தினமும் காலையில் தூக்குக்குண்டையும் கரணையையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்பச் சாக்குப்பையில் வைப்பார். அந்தப் பையை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போகவே இல்லை. எங்களுக்குப் பால் ஊற்றியவரிடம் பால் வாங்குவதை நிறுத்தினோம். அவர் ஒரு மாட்டை விற்றார். பல்கலைக்கழகத்தில் பின்னால் படித்த பாடத்தை நான் அந்த மாட்டில்தான் முதலில் பார்த்தேன். 'ஏட்டுச் சுரைக்காய்' என்று என்னைச் சொன்னீர்களே நண்பரே, அது வலித்தது.

மூன்று வருடம் கழித்து வேலை திரும்பத் தொடங்கியது. வெயிலிலும் மழையிலும் கிடந்த கம்பியெல்லாம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. பாதித் தூண்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார்கள். நிறுத்தாமல் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம் ஆனது. அப்பாவே அந்தத் தூண்களை இடித்தார், அவர் கட்டியதை.

இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.