காசநோயாளியை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமா?

"காசநோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வையுங்கள், முடிந்தால் வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. தட்டு, டம்ளர், துணி வழியாகக் காசநோய் பரவாது. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமிதான் பரப்புகிறது.

வெளியே அனுப்பும் யோசனைக்குச் சென்னையே எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1956இல் தொடங்கிய ஆய்வில், நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் சிலருக்கு வீட்டிலும், மற்றவர்களுக்கு சானடோரியம் எனும், காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையிலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டில் இரண்டும் குறைவு. ஆனாலும் 1959இல் வெளியான முடிவில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

காரணம், தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எனவே கூட இருப்பவர்களுக்குப் பரிசோதனை அவசியம். ஒரே அறையில் பலர் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இன்னும் அவசியம். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்கள் நோயாளிக்கு முகக்கவசமும் அறைக்குத் திறந்த ஜன்னலும் வேண்டும். துரத்துவதுதான் உண்மையான ஆபத்து: துரத்தப்பட்ட நோயாளி ஊருக்கு ரயிலேறினால் மருந்து பாதியில் நிற்கலாம், மருந்துக்கு அடங்காத காசநோய் அப்படி உருவாகலாம். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஊர் மாறுவதை முன்கூட்டியே சொன்னால் அங்கேயும் சிகிச்சையைத் தொடரலாம்.