ரிப்போர்ட் அவளுக்கு எதுக்கு?

“காசு கட்டுறது நான். ரிப்போர்ட் அவளுக்கு எதுக்கு?”

ரெண்டு மாசத்துக்கு முன்னால் எங்கள் கிளினிக் கவுண்டரில் ஒரு மேடம் கேட்டது. சண்டைக் குரலில் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். தமிழ்க்காரர், தங்கமானவர். வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தீபாவளிக்கு நல்லதாகவே புடவை எடுத்துக் கொடுப்பார். கெட்டவர் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குக்குக் கீழே இருக்கும் சின்ன கிளினிக்கில் 11 வருஷமாகக் கவுண்டர் வேலை எனக்கு. பேர் பதிவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, டாக்டருக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வது. கடைசியாகச் சொன்னதற்குச் சம்பளம் கிடையாது.

இங்கே இல்லப் பணிப்பெண்களுக்கு 6 மாசத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். என்ன பார்க்கிறார்கள்? கர்ப்பமா, சிஃபிலிஸ், ஹெச்ஐவி மாதிரித் தொற்று ஏதும் உண்டா என்பதைத்தான் முக்கியமாக. 2021 ஆகஸ்ட்டிலிருந்து உயரம், எடை பார்ப்பதும், உடம்பில் சந்தேகப்படும்படி காயம் இருக்கிறதா என்று பார்ப்பதும் சேர்ந்தது. அது நல்ல மாற்றம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரத்த அளவு, சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. முடிவு மனிதவள அமைச்சுக்குப் போகும், முதலாளிக்கும் தெரியும். ஊசி குத்திக்கொண்டவள் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி லிஃப்டுக்கு நடப்பாள். எதற்கு ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். “பர்மிட்டுக்கு” என்பாள், இங்கே வேலை பார்க்கும் அனுமதிக்கு.

இதைப் பேச ஆரம்பித்தாலே நம்மவர்கள், “அவங்களுக்கு விழிப்புணர்வு பத்தாது” என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித்தான்). புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், 38 வயசு. கூட வந்தது வீட்டு ஐயா, மேடம் ஆபீஸில். நான் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தேன், உள்ளே அவர்தான் மொழிபெயர்ப்பு. இவள், “உடம்பு ரொம்பச் சூடா இருக்கு” என்றாள். அவர், “ஷீ காட் ஃபீவர், டாக்டர்” என்றார். டாக்டர் வெப்பமானியை வைத்தார். 36.7. காய்ச்சல் இல்லை. பனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) எழுதிக் கொடுத்தார்.

மருந்து கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தேன், சரியாகப் படவில்லை. ஐயா பணம் கட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக, “நீர்க்கடுப்பாம்மா?” என்றேன். கண் கலங்கிவிட்டது. நாலு நாளாக எரிச்சல், ராத்திரியெல்லாம் பாத்ரூம். திரும்ப உள்ளே அனுப்பி, சிறுநீர் சோதித்து, கிருமித்தொற்று என்று தெரிந்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம்.

சூடு என்றால் நமக்கு என்னவென்று தெரியும். அதற்கு அவள் செய்ய வேண்டியதெல்லாம் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், நல்லெண்ணெய் வைத்துக் குளித்தாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் படுக்கையில் இருக்கும் பாட்டியை விட்டுவிட்டு அடிக்கடி பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீரைக் குறைத்தவளும் அவள்தான். இதில் விழிப்புணர்வு எங்கே குறைந்தது? ஒரு ஆம்பளைக்கு, அதுவும் சம்பளம் கொடுப்பவருக்கு முன்னால் நின்றுகொண்டு எந்தப் பெண் நீர்க்கடுப்பு என்பாள்? நான் சொல்வேனா? நீங்கள்?

படிப்பு இருந்தால் இதெல்லாம் வராது என்பவர்களுக்கு என் சொந்தக் கதை. 2006-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன், கையில் பி.காம். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை பார்க்க வேண்டும், ஃபாஸ்டிங்கில் வாருங்கள் என்று நர்ஸ் சொன்னார். “எஸ், எஸ்” என்று தலையாட்டினேன். ஃபாஸ்டிங் என்றால் விரதம்தானே? நம்ம வெள்ளிக்கிழமை விரதம் மாதிரி காலையில் ஒரு டம்ளர் பால், ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு நாள் லீவு போட்டுக் கூட்டிப்போன என் வீட்டுக்காரர் இன்று வரை சிரிக்கிறார். எனக்கு ஆங்கிலம் தெரியும். “தண்ணி தவிர ஒண்ணும் கூடாது” என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பயம் வேறு ஒரு பக்கம். கர்ப்பம் என்று தெரிந்தால் பர்மிட் ரத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த ஒரு விதி எல்லாப் பெண்கள் தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 46 வயசுக்காரி ஒருத்தி மூணு மாசமாகத் தலைக்குக் குளிக்கவில்லை என்று வாயே திறக்காமல் இருந்தாள். புருஷனைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆகிறது! இருந்தாலும் பயம். மாதவிலக்கு நிற்கும் வயசு வந்துவிட்டது, அவ்வளவுதான். அதை அவளுக்குச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதும்.

அப்புறம் காசு. 2023 ஜூலையிலிருந்து முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்), முன்பு 15,000-ஆக இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால், அறுவைச் சிகிச்சை என்றால். எங்களைப் போன்ற கிளினிக்கின் பில் முதலாளி கையிலிருந்துதான் போக வேண்டும், சட்டமும் அதையே சொல்கிறது. அதனால் அவள் கணக்குப் போடுகிறாள். மேடத்துக்குச் செலவு வைக்க வேண்டாம், கோடாலித் தைலம் இருக்கிறது, மிஞ்சினால் பனடோல்.

நிகழ்ச்சிகள் நடக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உரை, கைப்பை, சிறுபுத்தகம், பிரியாணிப் பொட்டலம். நானும் போய் நாற்காலி போட்டிருக்கிறேன். லீவு கிடைத்தவள் வருவாள். லீவுக்குப் பதில் காசு வாங்கிக்கொள்பவள் எப்படி வருவாள்? மாசத்தில் ஒரு நாளாவது கட்டாயம் விட வேண்டும் என்ற விதியே 2023-ல்தான் வந்தது. அந்த ஒரு நாளில் நம்மவர்கள் கடைகள் இருக்கும் தேக்காவுக்குப் போய்ப் பணம் அனுப்புவாளா, ரத்த அழுத்தம் பற்றி உரை கேட்பாளா?

இன்னொன்று உறுத்தும். ஊரில் அவள் அம்மாவுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021-லிருந்து பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. இங்கே 40 தாண்டிய மேடத்தைக் குடும்ப டாக்டரோடு சேர்த்துவைக்க ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. நடுவில் ரெண்டு நாட்டுக் கணக்கிலும் சேராமல் இவள்.

சரி, மேடம் கதைக்கு வருகிறேன். அந்தப் பெண்ணுக்கு அடிக்கடி கிறுகிறுப்பு, படியேறினால் மூச்சு வாங்குகிறது. மேடமே கூட்டிக்கொண்டு வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார், அதுவே பெரிய விஷயம். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். மாசாமாசம் அதிகமாகப் போகிறது, ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. இந்தியாவில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது, இதில் அதிசயம் ஒன்றுமில்லை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, கர்ப்பப்பை ஸ்கேனுக்கும் எழுதினார். நான் ரிப்போர்ட்டில் ஒரு நகலை அவள் கையில் கொடுத்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

“ரத்தம் அவங்களோடது தானே மேடம்” என்றேன். கொஞ்சம் துடுக்குத்தான். மேடம் ஒன்றும் சொல்லவில்லை.

மாத்திரைப் பொட்டலத்தில் பேனாவால் தமிழில் எழுதினேன்: டீயோடு வேண்டாம், பாலோடு வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளி. வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கடைசி வரியை எழுதாமல் விட்டு, மூணாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் கதை என்னிடம் நிறைய உண்டு. பிறகு, “எப்படிச் சாப்பிடுவீங்க, நீங்க சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டேன். முதல் தடவை தப்பாகச் சொன்னாள். ரெண்டாவது தடவை சரி. மொத்தம் நாலு நிமிஷம், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

போன வாரம் மறுபடி வந்தார்கள். மடித்து மடித்து நைந்த அந்த நகல் அவள் பர்ஸில் இருந்தது. டாக்டர் கணினியைத் திறக்குமுன் அவளே, “போன தடவை எட்டு புள்ளி நாலுக்கா, இப்ப எவ்வளவுன்னு கேளுங்க” என்றாள். 10.1. விரல் விட்டு எண்ணினாள், இன்னும் ரெண்டு வேண்டும் என்று. அப்படியே பக்கத்து நாற்காலி பக்கம் திரும்பி,

“மேடம், உங்களுக்கு எவ்வளவு இருக்கு?”

மேடத்துக்குத் தெரியவில்லை.