வண்டு விழுந்த பருப்புக்குப் பெயர் தானமா?

மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் உணவு வங்கிக்கு நேற்று வந்த பெட்டிகளைப் பிரித்தபோது ஏற்பட்ட ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வண்டு விழுந்த துவரம்பருப்பு, சிக்கு வாடை அடிக்கும் கடலை எண்ணெய், பாதி பயன்படுத்திவிட்டு ரப்பர் பேண்டு சுற்றிய சாம்பார்ப்பொடி, காலாவதியாகி எட்டு மாதமான சேமியா. கடைக்காரர் விற்கவே கூடாத பொருளை, வாங்கிச் சாப்பிட வேறு வழியில்லாதவர்களின் பையில் போடலாம் என்று எப்படி ஐயா உங்களுக்கு மனம் வருகிறது?

நல்ல பொருளைத் தருகிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. பத்தில் எட்டுப் பேர் அரிசிதான் கொண்டுவருகிறார்கள். அரிசி அட்டை உள்ள குடும்பங்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அங்கே 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும் மாதத்துக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர் அளவில்தான்; ஐந்து பேர் உள்ள வீட்டில் அது மாதக் கடைசி வரை எப்படி வரும்? சோறு இருக்கிறது, குழம்புக்குத்தான் வழியில்லை. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றைக் கொடுங்கள் என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறோம். மறுபடியும் அரிசி மூட்டைதான் வந்து இறங்குகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகும் இதே கொடுமையைத்தான் பார்த்தேன். மின்சாரம் இல்லாமல் மிக்சி ஓடாத வீடுகளுக்கு முழு மிளகாயும் முழு மல்லியும் மூட்டை மூட்டையாக வந்தன. அம்மி, ஆட்டுக்கல்லைத் தூக்கிப்போட்டுப் பல காலம் ஆகிவிட்ட வீடுகள் அவை. குடிக்கவே தண்ணீர் இல்லாத தெருவில் நூடுல்ஸ் பாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. அடுப்பைப் பற்றவைக்க ஒரு தீப்பெட்டிக்காகப் பெண்கள் வீடு வீடாக அலைந்தார்கள். கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த வீட்டில் யார், எதை வைத்து, எப்படிச் சமைப்பார்கள் என்று அவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

கொடுக்கும் காலத்தையும் சொல்லியாக வேண்டும். தைப் பொங்கலுக்கு எங்கள் கூடம் நிரம்பி வழியும். அறுவடை நேரம் அது, கையில் கொஞ்சம் கூலியும் இருக்கும், பச்சரிசியும் சர்க்கரையும் கரும்பும் அரசாங்கமே கொடுக்கும். சம்பா நடவு முடிந்து, அடைமழையில் வயல் வேலை நின்றுபோன கார்த்திகையில்தான் கூலித் தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரியச் சிரமப்படுகிறது. அந்த மாதத்தில் எங்கள் அலமாரி காலியாகக் கிடக்கிறது.

சென்ற வாரம் எங்களிடம் பை வாங்கிய ஒரு வயதான அம்மா, வீட்டுக்குப் போகாமல் எங்கள் திண்ணையிலேயே முறத்தை வைத்துக்கொண்டு பருப்பிலிருந்து வண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திருப்பித் தந்தால் கொடுத்தவர் மனம் புண்படுமே என்று, பார்வை மங்கிய அந்தக் கண்களால் ஒரு மணி நேரம் பொறுக்கினார். நான் அந்தப் பருப்பை வாங்கிக் கொட்டிவிட்டு, வேறு வாங்கிக் கொடுத்தேன். இனிமேல் பிரித்த பாக்கெட்டையும் தேதி முடிந்த பொருளையும், கொண்டுவருபவர் ஊரில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.