ஜான்ஸ்டன் மூழ்கிய பிறகு

அக்டோபர் 25 வந்தால் அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஜான்ஸ்டன் பற்றி யாராவது எழுதுவார்கள். எழுத வேண்டிய கப்பல்தான். ஆனால் கப்பல் மூழ்கியதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம்.

1944இல் அந்தக் காலையில், பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்கு அப்பால், ஆறு சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களுக்குக் காவலாக வந்த சில கப்பல்களில் ஜான்ஸ்டனும் ஒன்று. எதிரே வந்தது யமாட்டோ என்ற ராட்சதப் போர்க்கப்பல் உள்ளிட்ட ஜப்பானின் பெரும்படை. துணைக்கு இருக்க வேண்டிய அமெரிக்க அட்மிரல் ஹால்ஸியின் கப்பல்களோ வடக்கே போய்விட்டன. யமாட்டோவின் பீரங்கி 18 அங்குலம், ஜான்ஸ்டனுடையது 5 அங்குலம். அப்படியும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் கமாண்டர் எர்னஸ்ட் எவன்ஸ் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் டார்பிடோக்கள் பத்தையும் விட்டார். குமானோ என்ற ஜப்பானிய க்ரூசர் போர்க்கப்பலின் முன்பகுதி சிதைந்தது.

பதிலுக்கு வந்த குண்டுகளில் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மேலிருந்து சுக்கானைத் திருப்ப வழியில்லை. பின்தளத்துக்குப் போய் நின்று, திறப்பு வழியாகக் கீழே கத்துகிறார். அங்கே ஆட்கள் கைபலத்தால் சுக்கானைத் திருப்புகிறார்கள். டார்பிடோ ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறுபடியும் சண்டைக்குப் போனார் அந்த மனுஷன்.

கடைசியில் ஜான்ஸ்டன் மூழ்கியது. அப்புறம் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. கப்பலில் இருந்த 327 பேரில் மீண்டவர்கள் 141 பேர். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் சுமார் 50 பேர்தான். 45 பேர் தெப்பங்களில் காயத்தோடு கிடந்து செத்தார்கள். எவன்ஸ் உட்பட 92 பேர் உயிரோடு கப்பலை விட்டு இறங்கியவர்கள். அதன்பின் அவர்களைப் பற்றித் தகவலே இல்லை.

மீட்புக்காக அனுப்பிய செய்தியில் இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். எண்ணெய் படிந்த உப்புத் தண்ணீரில், சுறாக்களுக்கு நடுவே, இரண்டு இரவுகள். 27ஆம் தேதி காலையில்தான் பக்கத்துத் தீவான லெய்ட்டேயிலிருந்து படகுகள் வந்து சேர்ந்தன. யாருக்காகச் சண்டை போட்டார்களோ, அவர்களே தேடி வரவில்லை. எவன்ஸுக்கு மிக உயர்ந்த பதக்கம் கொடுத்தார்கள், சரி. அந்த இரண்டு நாள் தாமதத்தையும் அதே மூச்சில் சொல்ல வேண்டாமா?

2021இல் 6,400 மீட்டருக்கும் கீழே போய், மூழ்கிக் கிடக்கும் ஜான்ஸ்டனைப் படமெடுத்தார்கள். முன்பக்கத்தில் 557 என்ற கப்பலின் எண் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வீரர்கள் உறங்கும் கல்லறை என்கிறார்கள். அந்த 92 பேர் அதற்குள் இல்லை.