சம்பளம் கோடியில் என்றால் பிள்ளைப் பாசம் இருக்காதா?

கோடி கோடியாகச் சம்பளம் வாங்கும் ஃபுட்பால் வீரனுக்குக் குடும்பக் காரணம் சொல்லி லீவு எதற்கு என்று கேட்கிறவர்கள் டேவிட் சில்வாவைக் கொஞ்சம் பார்க்கட்டும். 2017 டிசம்பரில் அவர் மகன் மாதேயோ மாதம் நிறையாமலே பிறந்து ஸ்பெயினில் வலென்சியா ஆஸ்பத்திரியில் கிடந்தான், இவர் அப்போது ஆடியதோ இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி க்ளப்புக்கு, மேட்ச் ஆடிவிட்டு மறுபடி ஃப்ளைட் ஏறிக் குழந்தையிடம் ஓடுவார், கோச் கார்டியோலாவும் எப்போது வேண்டுமானாலும் போய் வா என்று விட்டுவிட்டார். அந்த சீசனில்தான் சிட்டி 100 பாயிண்ட் எடுத்து லீக்கை ஜெயித்தது. ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

எனக்கு பேர்ணாம்பட்டு. என் மகளும் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள், நான் அப்போது ரியாத்தில், லீவு கேட்டால் காண்ட்ராக்ட் முடியட்டும் என்றார்கள், பாஸ்போர்ட் வேறு அவர்கள் பீரோவில். வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவளை மச்சான் போனை ஆட்டி ஆட்டிக் காட்டினான், பிள்ளையைவிடக் காலில் கட்டியிருந்த நம்பர் அட்டைதான் பெரிதாகத் தெரிந்தது. காட்பாடியில் நான் வந்து இறங்கும்போது அவளுக்கு ஒன்றரை வயசு, என்னைப் பார்த்ததும் பாட்டி முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

2018 ஆகஸ்ட்டில் சில்வா மகனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அதே மேட்சில் ஃப்ரீ கிக்கில் ஒரு கோலும் போட்டார்.