விருந்து என்றால் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா?

சபைகளில் உபசரிப்பு பற்றிப் பேச்சு வந்தாலே சொந்தபந்தம், நண்பர்கள், போதகர் வீட்டுச் சாப்பாடு என்றுதான் போகிறது. அதில் தப்பில்லை. ஆனால் பைபிளில் லூக்கா நற்செய்தி 14-ம் அதிகாரத்தில் இயேசு சொல்வது வேறு: விருந்து வைக்கும்போது உறவினரையும் வசதியானவர்களையும் கூப்பிடாதே, திருப்பிச் செய்ய வழியில்லாத ஏழைகளைக் கூப்பிடு.

ஆபிரகாமைப் பாருங்கள். மம்ரே என்ற இடத்தில் நல்ல வெயில் நேரம். கூடார வாசலில் உட்கார்ந்திருந்த முதியவர், முன்பின் தெரியாத மூன்று பேரைக் கண்டதும் எழுந்து ஓடுகிறார். கொஞ்சம் அப்பம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, இளங்கன்றைச் சமைத்து வைக்கிறார். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை மரத்தடியில் பக்கத்திலேயே நிற்கிறார். நீங்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

எல்லாரும் இப்படி மனமுவந்து செய்வார்கள் என்று மோசேயின் சட்டம் நம்பிக்கொண்டிருக்கவில்லை. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, மறந்து விட்டுவந்த அரிக்கட்டை (கதிர்க்கட்டை) எடுக்கத் திரும்பிப் போகாதே. அது பரதேசிக்கும் (அதாவது அந்நியருக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. யாரும் கையேந்தி நிற்க வேண்டியதில்லை, வந்து பொறுக்கிக்கொள்ளலாம். எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தவர்கள்தானே, அந்த மனசு உங்களுக்குத் தெரியுமே என்கிறது யாத்திராகமம் 23.

"அந்நியரை விலக்கும் வசனங்களும் இருக்கின்றனவே" என்று சிலர் கேட்பார்கள். சரி, இருக்கின்றன. உபாகமம் 23, மோவாப் என்ற அண்டை நாட்டாரான மோவாபியரைச் சபைக்குள் சேர்க்கக் கூடாது என்கிறது. அதற்குச் சொல்லும் முதல் காரணத்தைப் படியுங்கள்: எகிப்திலிருந்து வந்த இஸ்ரவேலருக்கு மோவாபியர் வழியில் அப்பமும் தண்ணீரும் கொண்டுவரவில்லை. உபசரிக்காததே குற்றம்!

அதே மோவாபிலிருந்துதான் ரூத் என்ற விதவை, இஸ்ரவேலரின் ஊரான பெத்லகேமுக்கு வந்து கதிர் பொறுக்குகிறாள். வயலின் சொந்தக்காரனான போவாஸ், சட்டம் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அறுக்கிறவர்களோடு அவளை உட்காரவைத்து, அப்பத்தைக் காடியில் (புளித்த திராட்சரசத்தில்) தோய்த்துச் சாப்பிடச் சொல்கிறான், வறுத்த தானியம் கொடுக்கிறான். அவள் வயிறாரச் சாப்பிட்டு மாமியாருக்கும் மீதி எடுத்துப் போகிறாள். அப்புறம் வேலையாட்களிடம், அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலவற்றைச் சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறான். இயேசுவின் வம்சவரலாற்றில் இந்த மோவாபியப் பெண்ணின் பெயரை மத்தேயு விடாமல் எழுதியிருக்கிறார்.

இத்தனையும் வாசிக்கிற சபைகளில், பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவருக்கு நிற்க ஒரு மூலையும் கொடுப்பது இன்னும் நடக்கிறது. யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்த அதே காரியம். இதை வரவேற்பு ஒழுங்கு என்று சொல்லிச் சமாளிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.